உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது?

திருவல்லிக்கேணி மாணவர்கள் பலர் மாலை வேளைகளில் பாரதி சாலை வழியாக மெரினாவுக்கு நடந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மணலில் கால் வைத்ததும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். பிறகு உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய மாங்காய்க் கீற்று. சற்று நேரத்தில் தாகம் எடுக்கிறது. ஏன்?

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது இரத்தத்தில் மிகும்போது உடல் அதற்கு ஈடாக நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லத்தான் வெளியேற்றும். அதுவரை அதே குழாய்களில் கூடுதல் திரவம் ஓட வேண்டும். குழாய்ச் சுவர் மீது அழுத்தம் கூடுகிறது. ஒரு நாள் என்றால் பாதகமில்லை. நாள்தோறும் என்றால் இரத்தக் குழாய்கள் விறைத்துப் போகின்றன. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. இது எல்லோருக்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. சிலர் உடல் உப்புக்கு எளிதில் இணங்கிவிடும்.

இரத்த அழுத்தம் தாத்தாவுக்கு வருவது என்றுதானே நினைக்கிறீர்கள்? பதின்மூன்று வயது முதல் 120/80க்குக் கீழே இருப்பதே இயல்பு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 130/80 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம்தான். பெரும்பாலும் வலியோ தலைசுற்றலோ இராது; அளந்தால்தான் தெரியும்.

உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. சென்னையில் வயது வந்தோரிடையே நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் கண்ட சராசரி 8.5 கிராம்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் குறித்து வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் அது 50 நாள் வரவேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம்! (ஊறுகாய் போட்ட மாதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அம்மா கோபித்துக்கொள்வார்.) இந்துப்பு வாங்கினால் தப்பிக்கலாம் என்பாரும் உண்டு. அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான்.

கடையில் வாங்கித் தின்பது இந்தக் கணக்கில் வராது. சிப்ஸ், நூடுல்ஸ் உறைகளில் சோடியம் மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. சுண்டல் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. அவித்த பட்டாணி நல்ல உணவே. அப்பளம், ஊறுகாய், வடகம் ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

மறுபுறம் கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம், சோடியம் சிறுநீரில் வெளியேற உதவுகிறது. கடற்கரை வரை நடப்பதும், மணலில் ஓடி ஆடுவதும் குழாய்கள் தளர்ந்து விரிய வழி செய்கின்றன. உடல் எடையும் கட்டுக்குள் நிற்கும்.

அழுத்தத்தை அளக்கப் போகும்போது மாடிப்படி ஏறிய மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்திருங்கள். கையில் சுற்றும் பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பட்டை சிறியதாக இருந்தால், இல்லாத அழுத்தத்தையும் இருப்பதாகக் காட்டிவிடும்.