சீவுமுன் கேளுங்கள்: முன்பல்லும் பீங்கான் வெனீரும்

பைக்கிலிருந்து விழுந்து நுனி உடைந்த பல், சிறு வயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மருந்தால் பழுப்பேறிய பல், ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் திட்டுத்திட்டாகக் கறை விழுந்த பல், நடுவில் சந்து விட்ட இரண்டு முன்பற்கள். இவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் இவற்றோடு வளர்கிற பிள்ளைகள் போட்டோவுக்கு வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்கள். வேலைக்கு நேர்காணல் வரும்போதோ, கல்யாணப் பேச்சு எழும்போதோ அது குடும்பத்தின் கவலையாகிவிடுகிறது. பல்லின் முன்பக்கத்தில் பீங்கானில் மெல்லிய ஓடு செய்து ஒட்டும் வெனீர் சிகிச்சையைப் பற்றிப் பலரும் விசாரிப்பது அப்போதுதான்.

வெனீர் நல்ல சிகிச்சை. தகுந்த பல்லுக்கு, பழகிய கையால் செய்தால் பத்தாண்டுகளைத் தாண்டியும் நிற்கும். ஆனால் பெரும்பாலும் அதற்காகப் பல்லைச் சிறிதளவாவது சீவ வேண்டியிருக்கிறது. சீவிய எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, திரும்ப முளைக்காது. கடலூரானாலும் சிதம்பரமானாலும், நாற்காலியில் சாய்வதற்கு முன் இதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

நடிகர்களிடமிருந்து நமக்கு

ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், 1930-ஐ ஒட்டிய காலத்தில் நடிகர்களின் பல்மேல் மெல்லிய ஓடுகளைப் பசைப்பொடி வைத்து ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு சாப்பிட முடியாது. நிலையாக ஒட்டும் வழியைத் திறந்தவர் மைக்கேல் புவோனோகோர். பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் பசை நன்றாகப் பிடிக்கும் என்று 1955-இல் அவர் காட்டினார்; அமிலத்தால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழ, பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டலாம் என்று 1983-இல் சைமன்சனும் கலாமியாவும் எழுதினார்கள். இன்றைய வெனீர் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின்மேல் நிற்கிறது.

பீங்கான் நம் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. விருத்தாசலத்துத் தொழிற்பேட்டைப் பீங்கானில் களிமண் முக்கியம். ஆனால் பல்லுக்கான பீங்கானில் களிமண் அநேகமாக இராது. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும்தான் பெரும்பகுதி. அதனால்தான் ஒளி அதற்குள் புகுந்து, அசல் பல்லைப் போலத் தெரிகிறது. இப்போது லித்தியம் டைசிலிகேட் என்ற, இன்னும் உறுதியான வகையும் பரவலாகப் பயன்படுகிறது.

நாற்காலியில் நடப்பது

முதல் நாள் போட்டோவும் அளவும் எடுப்பார்கள். மெழுகில் மாதிரி செய்து, தற்காலிகப் பொருளால் அதை வாயில் வைத்தும் காட்டுவார்கள். இந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நீளம் கூடுதலா, நிறம் அதிக வெண்மையா என்று சொல்ல இதுதான் சமயம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், பல் காய்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். காய்ந்த பல் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும்.

பிறகு முன்பக்க எனாமலில் சுமார் அரை மில்லிமீட்டர் சீவுவார்கள். அந்த எனாமலே பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எனவே கை சற்று ஆழமாகப் போனாலும் அடியிலுள்ள டென்டின் வெளிப்பட்டுவிடும்; பல் கூசும், பசையின் பிடிப்பும் குறையும். லேபில் ஓடு தயாராகி வந்ததும், உலர்ந்த பல்லில் அமிலம் தடவிக் கழுவி, பசை வைத்துப் பொருத்தி, நீல ஒளியைக் காட்டி இறுகச் செய்வார்கள். எச்சில் பட்டால் பிடிப்பு கெடும் என்பதால் இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பொறுமை வேண்டும்.

எல்லாப் பல்லுக்கும் அல்ல

லேசான கறைக்கு வெளுப்பாக்கும் சிகிச்சை போதும். நுனியில் சிறு உடைப்பு என்றால் பல் நிறத்துக் காம்போசிட் வைத்து ஒரே நாளில் சரிசெய்யலாம், செலவும் குறைவு. வரிசை கோணிய பல்லுக்குக் கிளிப்தான் முறை. கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது என்பதற்காகக் கிளிப்பைத் தவிர்த்து, நல்ல பற்களைச் சீவி நேராக்கிக்கொள்வது எனக்குப் பெரிய வருத்தம் தருகிற காரியம். வேர் சிகிச்சை செய்து பாதிக்குமேல் போன பல்லுக்குக் கேப் தேவைப்படும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கும், ஈறு வீங்கி ரத்தம் கசிபவர்களுக்கும் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்குக் காம்போசிட் வைத்துக் காத்திருப்பதே நல்லது.

போட்ட பிறகும் கவனம் வேண்டும். பொங்கலுக்கு நம் பக்கம் விளையும் பன்னீர்க் கரும்பை முன்பல்லால் உரிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். துண்டு நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். பீங்கானில் எளிதில் கறை படியாது. ஆனால் வெற்றிலையும் புகையிலையும் ஓட்டின் ஓரத்துப் பசைக்கோட்டைக் கறுப்பாக்கும், ஈறையும் கெடுக்கும்.

எங்கே கேட்பது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-இல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. பல் கட்டும் பிரிவு, ஈறு பிரிவு, கிளிப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் அங்கே பெரிய வசதி. தனியார் மருத்துவமனையில் ஒரு யோசனை கேட்டவர்கள், இரண்டாவது யோசனைக்கு அங்கே போகலாம். கடலூரிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால் அரைநாள் வேலை.

எங்கே போனாலும் மூன்றைக் கேளுங்கள். என் பல்லில் எவ்வளவு சீவுவீர்கள்? சீவாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? இந்த ஓடு உடைந்தாலோ கழன்றாலோ அடுத்து என்ன, அதற்கு எவ்வளவு ஆகும்? நல்ல மருத்துவர் மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். விபத்தில் முன்பல் உடைந்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்தப் பல்லைச் சரிசெய்வது அலங்காரம் அல்ல, சிகிச்சை. லேப் செலவுக்குக் கையில் பணமில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் திரும்பிப் போகக் கூடாது. அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும்.