கம்பியில்லாக் குரல்கள் – 9: மலையைப் பார்க்கும் கம்பி

சென்ற வாரம் வீட்டு மொட்டை மாடியில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டும் முறையை விவரித்து நிறுத்தியிருந்தோம். வீடு நிலையாக நிற்பது. கம்பத்தை உயர்த்த உயர்த்தப் பலனும் உயரும். வாகனத்தின் விஷயம் அப்படியன்று. இருபதடிக் குழாயைக் காரின் தலையில் நிறுத்திக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பியும் கேபிள் டி.வி. கம்பியும் தொங்கும் மதுரைச் சிம்மக்கல் தெருக்களில் எவரும் பிரயாணம் செய்ய இயலாது. இரண்டு கார்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதென்றால், தடையற்ற சமவெளியிலேயே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கணக்கு. நகருக்குள் நுழைந்துவிட்டால் அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே, தரைக்கு மேல் ஐந்தாறு அடியைத் தவிரச் சொந்த உயரம் ஏதுமில்லாத காரிலிருந்து தொலைதூரத்து நண்பர் ஒருவரோடு உரையாட விரும்பும் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர், வேறெங்கிருந்தேனும் உயரத்தை இரவல் பெற்றாக வேண்டும். அந்த இரவலைத் தருகிற யந்திரம்தான் ரிப்பீட்டர்.

உயரத்தை இரவல் தருவதற்கு மதுரைக்கு வாய்த்த இடம் கொடைக்கானல். வைகைக் கரையில் மதுரை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறுவோருக்கு 115 கிலோமீட்டருக்குக் குறையாத இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், வளைவு அறியாத ரேடியோ அலைக்கு 77 கிலோமீட்டர் அளவே. தென் மாவட்டத்து ஹாம்கள் அந்த மலைமேல் தங்களுக்கென ஒரு ரிப்பீட்டரை வைத்துக்கொண்டதற்கும், அகில இந்திய வானொலி தன் கோடைப் பண்பலையை 100.5 மெகாஹெர்ட்ஸில் அங்கிருந்தே ஒலிபரப்புவதற்கும் காரணம் ஒன்றே. சமவெளிக்கு மேல் 2,000 மீட்டர் உயர்ந்த ஓரிடத்திலிருந்து, பூமியின் வளைவைக் கழித்துப் பார்த்தாலும், அலையின் தொடுவானம் 180, 190 கிலோமீட்டருக்கு அப்பால் விழுகிறது. திருச்சியும் இராமநாதபுரமும் தூத்துக்குடியும் கணக்குப்படி அவ்வட்டத்துக்குள் அடங்கிவிடும். சிறுமலை போன்ற இடைமலைகள் இந்தக் கணக்கில் ஆங்காங்கே கை வைக்கும் என்பது உண்மையே.

ரிப்பீட்டர் செய்யும் வேலை, கேட்டதைக் கேட்ட கணமே திருப்பிச் சொல்வது. நம் நாட்டில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இரண்டு மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அதில் ஓர் அதிர்வெண்ணில் ரிப்பீட்டர் காது கொடுத்திருக்கும். வழக்கமாக அதற்கு 0.6 மெகாஹெர்ட்ஸ் மேலே உள்ள அதிர்வெண்ணில் வாய் திறக்கும். காரிலுள்ள செட் இதற்கு நேர் எதிராக, ரிப்பீட்டர் பேசும் இடத்தில் கேட்டு, அது கேட்கும் இடத்தில் பேசும்படி அமைக்கப்படுகிறது. சொல்வதற்கு எளிது. ஆயினும், ஒரே ஆன்டெனாவின் வழியாக, பல வாட் வலிமையோடு தன் குரலை முழங்கிக்கொண்டே, அதே வேளையில் மேலூர்ச் சாலையில் எங்கோ போகும் காரிலிருந்து வருகிற அணுவளவான சமிக்ஞையையும் தவறவிடாமல் கேட்க வேண்டுமென்றால், வாய்க்கும் காதுக்கும் இடையே பலமானதொரு சுவர் வேண்டும். வரிசையாக நிற்கும் டூப்ளெக்சர் என்னும் உலோக உருளைகளே அந்தச் சுவர். ரிப்பீட்டர் அமைப்பில் பொருட்செலவும் பொறுமையும் பெரும்பாலும் இவற்றிலேயே கரைகின்றன.

கண்ட கண்ட இரைச்சலுக்கெல்லாம் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளாமலிருக்க, பேச்சோடு சேர்த்து 88.5 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதியொன்றை அனுப்பினால்தான் திறப்பது என்ற ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. இந்த டோனைச் செட்டில் பதியாமலே, ஆன்டெனா சரியில்லை, கேபிள் சரியில்லை என்று காரைப் பிரித்து மேய்ந்தவர்கள் அநேகர்.

இனி, மலை அத்தனை உயரமாயிற்றே, எங்கிருந்தாலும் எட்டிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மதுரையில் நின்று பார்ப்பவருக்குக் கொடைக்கானல் மலை வானத்தில் எவ்வளவு மேலே தெரியும் என்று கணக்கிட்டால், தொடுவானத்துக்கு மேல் ஒரு பாகையும் சிறு பின்னமும்தான் வருகிறது. அவ்வளவு தாழ்வான பார்வையில், பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு மூன்று மாடிக் கட்டடம் தனக்குக் கிழக்கே நானூற்றைம்பது மீட்டர் வரை நிழல் வீசும். நாகமலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டிப் போகும்போதும், யானைமலைக்குக் கிழக்கே அதன் காலடியில் நிற்கும்போதும், குன்றே குறுக்கே வந்துவிடுவதால் சில கிலோமீட்டர் தூரத்துக்குக் குரல் அறுந்து அறுந்து போவது இயற்கை. நகரத்துக்குள் நேர்ப்பார்வை மறைந்த பிறகும் நமக்குக் கைகொடுப்பது, கட்டடங்களின் மீதும் குன்றுகளின் மீதும் பட்டுத் திரும்பி வரும் அலைகளின் உபகாரமே.

உங்கள் தெருவுக்கு மலை தெரிகிறதா என்று சோதிக்க விலையில்லாத கருவியொன்று உங்கள் காரிலேயே இருக்கிறது. ரேடியோவில் கோடைப் பண்பலையைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வாருங்கள். அந்நிலையத்தின் வலிமை பல்லாயிரம் வாட். ரிப்பீட்டரின் வலிமையோ சில பத்து வாட். ஆகையால் பாட்டு தெளிவாகக் கேட்ட இடத்திலெல்லாம் ரிப்பீட்டர் கிடைக்குமென்று உறுதி கூற முடியாது. ஆனால் அவ்வளவு வலிய பாட்டே எந்த இடத்தில் இரைச்சலோடு கேட்கிறதோ, அந்த இடத்தில் ரிப்பீட்டரை எதிர்பார்ப்பது வீண்.

இப்போது கம்பிக்கு வருவோம். 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் இரண்டு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும். அதில் நாலில் ஒரு பாகம், நடைமுறைக் குறைப்புக்குப் பின், சுமார் 49 சென்டிமீட்டர். கார் கூரையின் நட்டநடுவில் செங்குத்தாக நிற்கும் இந்த அரை மீட்டர்க் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதிதான். மறுபாதி, அதன் கீழே நாற்புறமும் விரிந்திருக்கும் கூரைத் தகடு. இந்த உண்மையை மறந்தவர்களே கம்பியைப் பின் பம்பரில் மாட்டிவிட்டு, ஒரு திசையில் நன்றாகக் கேட்கிறது, மறு திசையில் கேட்கவில்லை என்று குறைப்படுவார்கள். ரெக்சின் கூரை போட்ட ஆட்டோவுக்கும், ஃபைபர் உடம்பு கொண்ட வண்டிக்கும் இந்த மறுபாதி இல்லாததால், அவற்றுக்கு வேறு வகை ஆன்டெனாவோ, அடியில் ஒரு தகடோ வேண்டும்.

கூரையில் துளையிட்டுப் பொருத்துவதே சாஸ்திரோக்தமான முறை. அதைச் சொன்னால் எந்த மெக்கானிக்கும், “வேணாம்ணே, ஓட்டை போட்டா வண்டியத் திருப்பி விக்கும்போது வெல போகாது” என்று தடுத்துவிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் பெரும்பாலோர் காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனாவை வாங்கிக் கூரையில் ஒட்டவைக்கிறார்கள். பெயின்டின் மேலேயே அமர்ந்தாலும், மெல்லிய அந்தப் பூச்சுக்கு மேலும் கீழுமாக இருக்கும் உலோகங்கள் இரண்டும் ஒரு கண்டென்சரைப் போல் இயங்குவதால், இரண்டு மீட்டர் அலைக்கு அது போதுமான இணைப்பைக் கொடுத்துவிடும். காந்தத்தின் அடியில் புழுதி சேரவிட்டால் பெயின்ட் தேயும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்கினால் ஓராண்டில் தண்ணீர் புகும். இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டால் துளையிட்ட ஆன்டெனாவுக்கு அது பெரிதும் பின்வாங்காது.

கால் அலைக் கம்பிக்குப் பதிலாக, ஏறத்தாழ 1.3 மீட்டர் நீளமுள்ள எட்டில் ஐந்து பாக அலைக் கம்பியையும் சிலர் விரும்புகிறார்கள். அது தன் சக்தியை மேலே சிதறவிடாமல் தொடுவானத்தை நோக்கிப் படுக்கை வாட்டில் செலுத்துவது. மலை ஒரு பாகை உயரத்தில் நிற்கும் மதுரைச் சமவெளிக்கு அது ஏற்றதே. அதே கார் வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்கி, ரிப்பீட்டர் தலைக்கு மேலே வந்துவிட்ட நிலையிலோ குட்டைக் கம்பியே கைகொடுக்கும். மரக்கிளையும் பெட்ரோல் பங்க்கின் கூரையும் நெட்டைக் கம்பிக்குச் சத்துருக்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், முதல் ஆன்டெனா கால் அலையாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

கம்பி நிமிர்ந்தே நிற்க வேண்டுமா என்று கேட்கலாம். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபின், நம் தென் மாவட்டத்து வீடுகளில் நீண்ட குழாய்களை நட்டு, உச்சியில் பூஸ்டரோடு கூடிய ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்துப் படம் பார்த்த தலைமுறையினர், அதன் குச்சிகள் யாவும் படுத்துக் கிடந்ததை அறிவார்கள். அனுப்பும் ஆன்டெனா எவ்வாறு கிடக்கிறதோ அவ்வாறே வாங்கும் ஆன்டெனாவும் கிடக்க வேண்டும். ரிப்பீட்டரின் ஆன்டெனா நிமிர்ந்து நிற்பது. ஆகையால் காரின் கம்பியும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

பொருத்திய பின், ஆன்டெனா ஏற்காமல் செட்டுக்கே திரும்பும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் அளக்காமல் பேசத் தொடங்கக் கூடாது. ஒன்றரைக்குள் காட்டினால் நன்று. மூன்றைத் தாண்டினால் செட்டின் உயிருக்கே ஆபத்து. நீளம் மிகுந்த கம்பியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டிச் சரி செய்யலாம். வெட்டிய துண்டை ஒட்ட இயலாது. தகர ஷெட்டின் கீழே நின்று அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்க வேண்டாம்; ஐம்பது வாட் செட் பேசும்போது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாட்டரியிலிருந்தே தடித்த வயர் இரண்டை இழுத்து, இரண்டிலும் பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் போடுவதுதான் பாதுகாப்பு.

ஐம்பது வாட் தேவைதானா என்பது வேறு கேள்வி. 1924ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் அமைத்த சென்னை மாகாண ரேடியோ சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அதன் யந்திரத்தின் சக்தி நாற்பது வாட். அதற்கு மேற்பட்ட சக்தியை இன்று ஒரு கார் செட் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிறது. மலை தெரியும் இடத்தில் ஐந்து வாட் கையடக்க செட்டே போதும், அது கூரைமேல் உள்ள கம்பியோடு இணைந்திருக்குமானால். காருக்குள் வைத்துக்கொண்டு, அதன் ரப்பர் ஆன்டெனாவோடு பேசினால், அலையின் பெரும்பகுதி தகட்டுக் கூண்டுக்குள்ளேயே தடுக்கப்பட்டுவிடும். வாட்டைக் கூட்டுவதால் நம் வாய்தான் பெரிதாகுமேயன்றிக் காது பெரிதாகாது. நல்ல ஆன்டெனாவோ இரண்டையும் ஒருங்கே வளர்க்கும். செட்டுக்கு ஆகும் பணத்தைக் குறைத்துக் கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் கொடுப்பவரே புத்திசாலி.

ஓடும் காரிலிருந்து வரும் குரலில் ஒரு படபடப்பு கேட்கும். நேராக வரும் அலையும் எதிரொலித்து வரும் அலையும் கலக்குமிடத்தில், ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மேடும் பள்ளமும் உண்டாகின்றன. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் வினாடிக்குப் பதினாறு பள்ளங்களைக் கடக்கிறது. சிக்னலில் நிற்கும்போது குரல் முற்றும் மறைந்துவிட்டால், காரை ஓரடி இரண்டடி முன்னே நகர்த்தினாலே திரும்ப வந்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

ரிப்பீட்டர் ஊருணியைப் போன்றது. ஒருவர் இறங்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால் மற்றவருக்குத் தண்ணீரில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியுமாதலால், முதலில் கேட்டுப் பார்த்து, தம் அழைப்புக் குறியைச் சொல்லி, பொத்தானை அழுத்தியபின் ஒரு கணம் தாமதித்துப் பேச வேண்டும். ஒருவர் முடித்ததும் உடனே தொடராமல், அவசரமுள்ள மூன்றாமவர் நுழைவதற்கு இடைவெளி விட வேண்டும். ஓயாமல் பேசுவோரை யந்திரமே தன் கடிகாரத்தால் இடையில் அறுத்துவிடும். இது பலருக்குக் கோபத்தைத் தருகிறது. எனக்கு அந்தக் கடிகாரத்தின் மீது பெருமதிப்பு உண்டு. நம் மேடைகளுக்கும் அப்படியொன்று வந்தால் நல்லது.

செல்போன் காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்பவர்கள், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலையில் வைகைக் கரையில் நின்று ஒரு போன் செய்து பார்க்கட்டும். கூட்டம் பெருகப் பெருகச் செல்போன் கோபுரம் திணறும். ஒருவர் சொன்னதை ஐம்பது பேர் ஒரே கணத்தில் கேட்கும் ரேடியோவுக்குக் கூட்டம் ஒரு பொருட்டல்ல. 2004 டிசம்பரில் ஹாம் நிலையம் அமைப்பதற்காகத் தம் குழுவினரோடு போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத், 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபின் அந்த நிலையத்தையே நிவாரணச் செய்திகளுக்குத் திருப்பியதை இத்தொடரில் முன்பே கண்டோம். கடல் கடந்த அந்தத் தூரத்துக்குச் சிற்றலை வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்துக்குள் நடக்கும் காரியத்துக்கு மலைமேல் ஒரு ரிப்பீட்டர் போதும். மலையும் போதாதவர்களுக்கு, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏற்றிச் சென்ற ஹாம்சாட் செயற்கைக்கோள், 2014 ஜூலை வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து இதையொத்த அஞ்சல் பணியைச் செய்தது.

இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாக்கி-டாக்கி கிடைக்கிறதே என்று அதை வாங்கி, காரில் மாட்டி, பொத்தானை அழுத்திவிடாதீர்கள். உரிமமின்றி ஹாம் அலைவரிசையில் பேசுவது குற்றம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதித் தேறினால், பன்னிரண்டு வயது நிரம்பிய எவருக்கும் உரிமம் கிடைக்கும்; விருப்பமுள்ள வாசகர்கள் தங்கள் ஊரில் உரிமம் பெற்ற ஹாம் ஒருவரை நாடி, அவருடைய செட்டின் அருகே சில மாலைகள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு மனுச் செய்யுங்கள். அத்தேர்வின் பாடங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.