ஷிஃபு: தகப்பனா, தொழிலாளியா?

குங்ஃபூ படம் பார்த்த நமக்கு 'ஷிஃபு' என்றால் குரு, அவ்வளவுதான். சீனத்தில் அதை இரண்டு விதமாக எழுதலாம். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் இரண்டாம் எழுத்தின் பொருள் 'தகப்பன்'. மண்டியிட்டுத் தேநீர் கொடுத்துச் சீடனாகிறவன் அந்தத் தகப்பனின் குடும்பத்துக்குள் நுழைகிறான். முன்னால் சேர்ந்தவன் அண்ணன், வயதில் சின்னவனானாலும். ஆசானின் மனைவி 'ஷிமு', அதாவது குருத்தாய். சரி, ஆசானே பெண்ணென்றால்? அவளும் 'ஷிஃபு'தான். தாய்ச்சொல் மனைவிக்குப் போய்விட்டது. கற்பிக்கிற அதிகாரம் தகப்பன் பெயரில்தான் புழங்குகிறது.

மற்ற எழுத்தில் தகப்பன் இல்லை. அது சமையற்காரருக்கும் பட்டறை மூத்தவருக்கும் உரியது. 1966–76 கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஆலையிலிருந்து தெருவுக்கு வந்து, முன்பின் தெரியாதவரையும் கூப்பிடும் சொல்லாயிற்று. இன்றும் டாக்சி ஓட்டுநர் ஷிஃபுதான். கல்லூரியில் வூஷு கற்பிக்கிறவரோ வெறும் 'லாவ்ஷி', ஆசிரியர். அங்கே மண்டியிடலும் இல்லை, தேநீரும் இல்லை.