மஞ்சள் பையும் பதினான்கு இலக்க எண்ணும்

காலை எட்டு மணிக்குப் புறநோயாளர் பிரிவின் வாயிலில் நின்று பார்த்தால், வருவோரில் பலர் ஒரு மஞ்சள் பையையோ நகைக்கடைப் பையையோ மார்போடு அணைத்து வருவதைக் காணலாம். பழைய மருந்துச் சீட்டுகள், நான்காய் மடித்த ஈ.சி.ஜி. தாள், எக்ஸ்ரே படம், இரத்தப் பரிசோதனை முடிவுகள் எனப் பத்தாண்டு உடல்நல வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கும். இதனை எவரும் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அந்தப் பையைக் கொண்டு வருபவர் மருத்துவருக்குப் பேருதவி செய்கிறார். அது வீட்டிலேயே தங்கிவிடும் நாளில்தான் இடர் நேர்கிறது.

செஞ்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் 65 வயது அன்னை ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீரிழிவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை பெறுகிறார். இதயத்துக்குத் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவரைப் பார்க்கிறார். நள்ளிரவில் அவர் மயங்கி விழ, 108 ஊர்தி முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு செல்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்கிறாரா, எந்த மருந்தேனும் ஒவ்வாதா, சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்று அங்குள்ள மருத்துவர் வினவுகிறார். முதல் வினாவுக்கு விடை தெரியாவிடில் இரத்தக் கசிவு பற்றிய அச்சம். மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாவிடில், சி.டி. ஸ்கேனுக்கு முன் செலுத்தும் மருந்து பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் வருத்துமோ என்ற ஐயம். உடன் வந்த மகனோ, "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் பாதி மாத்திரை" என்பதற்கு மேல் சொல்ல அறியார்.

இத்தனைக்கும் அந்த விவரங்கள் எங்கோ ஒரு கணினியில் இருக்கக்கூடும். மருத்துவமனைகள் பேரேடுகளை விட்டுக் கணினிப் பதிவுக்கு மாறி வருகின்றன. எனினும் ஒரு மருத்துவமனையின் கணினி மற்றொன்றை அறியாது. ஒவ்வோரிடத்திலும் நமக்கு ஒரு புதிய எண், ஒரு புதிய கோப்பு.

இந்த இடைவெளியை நிரப்பவே ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. இதன்கீழ் ஒருவருக்கு வழங்கப்படும் 14 இலக்க எண்ணே 'ஆபா' எண். கருவுற்ற மகளிருக்கு இவ்வகை ஏற்பாடு புதியதன்று. தமிழகத்தில் 'பிக்மி' பதிவின் வழியே அவர்கள் பெறும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், கிராம சுகாதாரச் செவிலியர் முதல் மகப்பேறு நிகழும் மருத்துவமனை வரை தொடர்ந்து வருவதைக் குடும்பத்தார் அறிவர். ஆபா எண் அனைத்து நோய்களுக்கும் அனைத்து வயதினருக்குமானது.

"நம் நோய் விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவிடுவார்களா?" என்று சிலர் கவலையோடு கேட்கின்றனர். நம் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இராஜகிரியின் அடிவாரத்தில் உள்ள பெரிய களஞ்சியத்தைப் போன்றதன்று இவ்வமைப்பு. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் தனித்தனிக் கோட்டைகளாகவே நிற்க, ஒரு நெடுமதில் அவற்றை இணைக்கிறது அன்றோ? அவ்வாறே பதிவு உருவான மருத்துவமனையிலேயே பதிவு தங்கும்; ஆபா எண் அவற்றை இணைக்கும். வாயிலைத் திறப்பது நோயாளியின் ஒப்புதல். எவர் கேட்கிறார், எதற்காக, எந்தக் காலத்துப் பதிவுகளை, எந்நாள் வரை என்பவற்றைக் கண்டபின் ஒப்பலாம், மறுக்கலாம், அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

இரண்டு மயக்கங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆபா எண் காப்பீட்டு அட்டை அன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு இது மாற்றாகாது. மேலும், எண்ணைப் பெற்ற அளவில் பழைய சீட்டுகள் தாமே அதனுள் சென்று சேர்ந்துவிடா. சிகிச்சை பெறும் இடத்தில், "இந்தப் பதிவை என் ஆபா எண்ணுடன் இணையுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த மருத்துவமனையும் திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும். இவ்வெண்ணைப் பெறுவது அவரவர் விருப்பம்.

உடனிருந்து பேணுவோர் கவனிக்க வேண்டியது கைபேசி எண். தாயின் ஆபா எண்ணைச் சென்னையில் பணிபுரியும் மகனின் கைபேசியோடு இணைத்துவிட்டால், ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்கே செல்லும். நள்ளிரவில் அவர் உறங்கிக்கொண்டிருப்பார். தாயுடன் ஒரே வீட்டில் வாழ்பவரின் எண்ணே ஏற்றது. அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் மஞ்சள் பையை எறிந்துவிடலாமா? கூடாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அத்துணைப் பெரிய நிறுவனமே பல நாட்கள் கையால் எழுதிப் பணியாற்ற நேர்ந்தது. ஆகவே தாளும் இருக்கட்டும். ஆயினும் எல்லாத் தாளும் ஒன்றல்ல. ஈ.சி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவது. வெயிலிலும் காலப்போக்கிலும் அதன் கோடுகள் மங்கி மறைந்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு தொலைந்தோர்க்கும் வழியுண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். தயக்கமின்றி எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

இன்று மாலையே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் நோயாளியின் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாத மருந்துகள், உண்ணும் மாத்திரைகள், அவற்றின் அளவு, ஆபா எண் ஆகியவற்றை எழுதுங்கள். மாத்திரையின் வணிகப் பெயரோடு, அட்டையில் அச்சிட்டுள்ள மருந்தின் மூலப் பெயரையும் சேருங்கள். இரு கடைகளில் இரு பெயரில் வாங்கிய ஒரே மருந்தை இருமுறை உண்டு வந்தோரை நாங்கள் கண்டிருக்கிறோம். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் திருத்தி நாளிடுங்கள். அதனைக் கைபேசியில் படமெடுத்துவிட்டு, குடும்ப அட்டை இருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள். அவசரத்தில் அந்த உறை எங்கே என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.