தண்ணீர் போட்டுவைத்த சாலை

திண்டுக்கல் மாவட்டத்தில், நிலக்கோட்டை வட்டத்தின் தெற்கு ஓரத்தில், விளாம்பட்டிக்குப் பக்கத்தில், வைகைக்குக் குறுக்கே பேரணை நிற்கிறது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் கலந்து வந்து, இங்கேதான் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் நுழைகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாற்றில் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டதிலிருந்து மதுரைச் சீமையின் நஞ்சைக்கு இந்தத் தண்ணீர்தான் ஆதாரம். கால்வாயின் கூடவே, கரைமேல், ஒரு ஜீப் போகிற அகலத்தில் ஒரு மண்பாதையும் வருகிறது. கரையையும் மதகுகளையும் பார்வையிடுவதற்காகப் போட்ட பாதை அது. பாசன வாய்க்கால்களில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர்களுக்கு இப்படிப்பட்ட கரைகள்தான் அன்றாட வழி; அவர்களில் சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. அந்தக் கரையில் சைக்கிள் மிதிக்கிறவருக்குச் சீக்கிரமே ஒரு விஷயம் தட்டுப்படும். எவ்வளவு தூரம் போனாலும் ஏற்றம் என்று ஒன்று வருவதே இல்லை.

அதற்குக் காரணம் தண்ணீரின் குணம். கால்வாயில் தண்ணீர் வேகமாக ஓடினால் கரையை அரித்துவிடும். மெதுவாக ஓடினால் வண்டல் படிந்து, பாசி பிடித்து, வாய் அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேகத்தைப் பிடிக்க, பெரிய பாசனக் கால்வாய்களுக்குப் பல ஆயிரம் அடிக்கு ஓரடி என்ற கணக்கில்தான் சரிவு கொடுப்பார்கள். வழியில் மேடு வந்தால் கால்வாய் அதன்மேல் ஏறாது. மேட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரே உயரத்தை விடாமல் பிடித்தபடி வளைந்து போகும். கரைமேல் போகும் பாதைக்கும் அதே வளைவுதான், அதே சரிவுதான்.

இந்தச் சரிவு நம் காலுக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சமமான மண்பாதையில் டயர் உருளுவதற்குச் சுமார் 30 வாட் செலவாகும், எதிரே இருக்கும் காற்றை விலக்கிப் போக இன்னொரு 25 வாட். மொத்தம் 55. தனிப் பயிற்சி இல்லாத, நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரால் ஒரு மணி நேரம் விடாமல் 100 வாட்டுக்குப் பக்கத்தில் தர முடியும். ஆகவே 55 என்பது பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய உழைப்பு. இப்போது 25 அடிக்கு ஓரடி ஏறும் ஒரு சாலைக்கு வருவோம். கண்ணுக்கு அது பெரிய மேடாகவே தெரியாது. ஆனால் அதே வேகத்தில் ஏற இன்னும் 140 வாட் கேட்கும். வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இறங்கித் தள்ள வேண்டும். 5,000 அடிக்கு ஓரடி சரியும் கால்வாய்க் கரையில் எதிர்த்திசையில் போனாலும் கூடுதல் செலவு ஒரு வாட்டுக்கும் கீழே.

உலகத்தில் சைக்கிள் பயணிகள் கொண்டாடுகிற, இப்படி மேடில்லாத அமைதியான வழிகளில் பல பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறங்களில் இருக்கின்றன. கார், லாரி தொந்தரவு இல்லாமல் நாள் கணக்கில் மிதித்துக்கொண்டே போகலாம். அந்த வழிகளில் பலவும் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல என்பதுதான் எனக்கு வியப்பு. தெற்கே தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் ‘மிதி’ என்னும் கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். பியேர் போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கிய வேலை; 1681-இல், அவர் இறந்த அடுத்த வருஷம், படகு விட்டார்கள். படகைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தன. குதிரை நடக்கக் கரையோரம் பாதை வேண்டியிருந்தது. கரை சரியாமல் வேர் பிடித்துக்கொள்ளவும், நிழலுக்கும் வரிசையாகப் பிளேன் மரங்களை நட்டார்கள். குதிரைகள் போய் வெகுகாலம் ஆயிற்று. பாதையின் பல பகுதிகள் இன்று சைக்கிள்காரர்களிடம் இருக்கின்றன. அந்த மரங்களை 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் கொன்றுகொண்டிருக்கிறது; ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டு வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள். நிழல் போன சாலை எப்படியிருக்கும் என்பதைப் புளியமரங்களை வெட்டி நான்கு வழிச் சாலை போட்ட நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்களுடைய இன்னொரு வகைப் பாதை, கைவிடப்பட்ட ரயில் தடம். 1879 வாக்கில் பிரெஞ்சு அமைச்சர் ஃபிரேசினே சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ரயில் விடத் திட்டம் போட்டார். பின்னாளில் பஸ்ஸும் காரும் வந்ததும் அந்தச் சிறு தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு மிஞ்சிய மேடைக்கு ஒரு சிறப்பு இருந்தது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் மிக லேசாக உருளும். அதனாலேயே ஏற்றம் வந்தால் ரயிலுக்குத் திண்டாட்டம். 100 அடிக்கு ஓரடி ஏறினாலே சமதளத்தில் வேண்டிய இழுவையைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், பாலம் கட்டினார்கள், குகை குடைந்தார்கள். இந்த உழைப்பெல்லாம் நூறு வருஷம் கழித்து சைக்கிளுக்குச் சும்மா கிடைத்தது. 1997-இல் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி, க்ளூனி ஊர்களுக்கு நடுவே 44 கிலோமீட்டர் பழைய ரயில் தடத்தில் முதல் பசுமை வழியைத் திறந்தார்கள். 2004-இல் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத இந்த வழிகளுக்குச் சாலைச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

திண்டுக்கல்லில் அப்படிச் சும்மா கிடக்கும் ரயில் தடம் இல்லை. 1928-இல் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போட்ட மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாகி, அதில் ரயில் ஓடுகிறது. ரயில் ஓடுவதுதான் நல்லது. நமக்கு வாய்த்த சொத்து தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது. அதில் கால்வாயைவிடக் கண்மாய் எனக்கு அதிக ஆச்சரியம்.

ஒரு கண்மாய்க் கரையின் தலை ஏன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மட்டமாக இருக்கிறது? நிறைந்த கண்மாயில் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்கும். கலுங்கில் வழிகிற மட்டத்துக்கு மேலே சில அடி கூட்டித்தான் கரை கட்டுவார்கள். நடுவில் ஓரிடம் தாழ்ந்துவிட்டால் பெருமழையில் தண்ணீர் அந்த இடத்தைத்தான் தேடி வரும். முதலில் விரல் அகலத்தில் வழியும், பிறகு அறுக்கும், விடிவதற்குள் கரை உடைந்துவிடும். அதனால்தான் தாழ்ந்த இடத்தில் மண் கொட்டி உயர்த்துவதை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடமையாக வைத்திருந்தன. நவீனக் கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே, தண்ணீரையே மட்டமாக வைத்துச் சரிபார்த்த சாலை இது. கரையின் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் வயல், விளிம்பில் பனைமரங்கள். மாட்டு வண்டிக்கும் ஆட்டு மந்தைக்கும் இது எப்போதும் வழியாக இருந்திருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு இன்னொரு யோகமும் உண்டு. இரண்டு ஆற்றுப் படுகைகளின் எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் இது. ஆத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் குடகனாறு வடக்கே திரும்பி, வேடசந்தூர் பக்கமாகப் போய் அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. வத்தலக்குண்டுப் பக்கத்து மஞ்சளாறும் மருதாநதியும் தெற்கே வைகைக்கு. திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூர் சுமார் 75 கிலோமீட்டர். அதற்குள் நிலம் ஏறக்குறைய 150 மீட்டர் இறங்கிவிடுகிறது. அதாவது சராசரியாக 500 அடிக்கு ஓரடி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு கெண்டைக்காலுக்குத் தெரியும். வடக்கே போகும் சிற்றூர்ச் சாலைகளில் ஒரு கை பின்னாலிருந்து தாங்குவதுபோல இருக்கும்.

நம் ஊர் சாதா சைக்கிளுக்குக் கியர் இல்லாமல் போனதற்கும் இந்த நிலம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5 மீட்டர் போகும், அவ்வளவுதான் ஏற்பாடு. சமவெளிக்கு அது போதும். கியருக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய போல் த விவி, மலைகள் சூழ்ந்த சாந்த் எத்தியென் ஊர்க்காரர். பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாவுக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் 1930-இல் இறந்தார். டூர் த பிரான்ஸ் பந்தயமோ, சங்கிலி மாற்றும் கியரை 1937-இல்தான் அனுமதித்தது.

அமைதிக்கு வருகிறேன். மணிக்கு 40, 50 கிலோமீட்டருக்கு மேல் காரின் சத்தத்தில் பெரும்பங்கு எஞ்சினுடையது இல்லை, டயர் தார்மேல் தேய்வது. ஆகவே புதுக் காரானாலும், மின்சாரக் காரானாலும் நான்கு வழிச் சாலையின் இரைச்சல் பெரிதாகக் குறையாது. ஆபத்தோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40-இல் வரும் வண்டியைவிட 80-இல் வரும் வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு வந்து மோதும். தமிழக அரசு 2001-இலிருந்து ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கும், பிறகு பதினோராம் வகுப்பில் சேரும் மற்ற பிள்ளைகளுக்கும் சைக்கிள் கொடுத்துவருகிறது. வண்டி கொடுத்தாயிற்று. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக லாரியோடு போட்டி போடாத ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு.

தனிப் பாதை நம்மால் ஆகாத காரியம் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் பக்தர்களுக்காகத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியில் சாலையோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். கால்நடையாகப் போகிறவர்களுக்கு நெடுந்தூரத்துக்கு இடம் ஒதுக்க இந்த மாவட்டம் ஏற்கெனவே பழகியிருக்கிறது. கண்மாய்க் கரைகளையும் கால்வாய்க் கரைகளையும் சிற்றூர்ச் சாலைகளையும் கோத்துவிடுவதற்குப் புதுத் தார் அதிகம் வேண்டாம். உடைந்த இடத்தில் சரளை மண், சீமைக் கருவேலம் மூடிய இடத்தில் வெட்டு, நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு சுரங்கப் பாதை. பிரான்ஸில் பாதையின் வாயில் குத்துக்கல் நட்டுக் காரைத் தடுக்கிறார்கள். இங்கே வயலுக்குப் போகும் டிராக்டருக்கும் நெல் ஏற்றும் வண்டிக்கும் கரைதான் வழி; அவர்களை மறிக்கும் எந்த ஏற்பாடும் நிற்காது, நிற்கவும் கூடாது.

பாதை கிடைத்தாலும் நெருஞ்சி விடாது. அதன் காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். தரையில் எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்து நிற்கும்படி அமைந்திருக்கிறது. ஆட்டுக் குளம்பில் தைத்து ஊர் ஊராய்ப் போகச் செடி கண்டுபிடித்த உபாயம். டயருக்கும் அது பொருந்திவிட்டது. இதே நெருஞ்சி தெற்கு பிரான்ஸிலும் முளைக்கிறது.

மேடு இல்லாத இந்தச் சமவெளியில் மேட்டின் வேலையைச் செய்வது காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் கடந்து கிழக்கே வீசும். எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் அடித்தால், அதே வேகத்தில் மிதிப்பவருக்குக் காற்றை விலக்கும் செலவு 25 வாட்டிலிருந்து 100 வாட்டாகிவிடும். 45 அடிக்கு ஓரடி ஏற்றத்தில் போவதற்கு அது சமம். அதே காற்று முதுகில் அடித்தால் காற்றுச் செலவே கிடையாது; டயருக்கான 30 வாட் மட்டும் போதும். பெரும்பாலான நாட்களில் அது விடியலில் தணிந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே ஆடி மாதம் திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போகிறவர்கள் இருட்டோடு புறப்பட்டு, காற்று வலுக்கும் முன்பே ஒட்டன்சத்திரம் சேர்ந்துவிடலாம். திரும்புவதை மதியத்துக்குமேல் வைத்துக்கொண்டால் முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கும் காற்றே தள்ளிக்கொண்டு வரும்.