எச்சில் கேட்டு வந்தால்

ராதாபுரம் பக்கம் ஒரு பையன் வகுப்பில் உட்காராமல் அலைந்தால் முதலில் ‘சேட்டைக்காரன்’ என்பார்கள். வாத்தியார் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டால், ‘சொந்தத்துல கட்டினா இப்படித்தான்’ என்று பழி தாயின் தலையில் வந்து விழும். அந்த ஒற்றை வரியில் அடங்குகிற விஷயம் அல்ல இது.

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாற்றில் பரம்பரையின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று இரட்டைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 74 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை; மனிதருக்கு மனிதர் தெரியும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு அது. 2023இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தக் கோளாறு உள்ள 38,691 பேரின் தரவை அலசி, மரபணுத் தொகுதியில் 27 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஆய்வில் இருந்தவர்களோ ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகவே எச்சிலையோ ரத்தத்தையோ பார்த்து ‘உங்கள் பிள்ளைக்கு ஏடிஹெச்டி’ என்று உறுதி சொல்லும் சோதனை இன்று கிடையாது. விரல்ரேகையில் மூளையைப் படிப்பதாகப் பள்ளிகளுக்கு வரும் டிஎம்ஐடி இன்னும் மோசம். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. காசு கட்டி ஏமாந்திருந்தால் ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

ஆய்வுக்கென்று எச்சில், ரத்த மாதிரி கேட்டு வருவது வேறு. அதற்கு நான் எதிரி இல்லை. நம் பிள்ளைகளின் தரவு சேராமல் நமக்குப் பொருந்தும் விடை எப்படி வரும்? ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி பெற்றோரின் சம்மதம் வேண்டும். 7 முதல் 12 வயது வரை பிள்ளை வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் இசைய வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து இதற்கு ஈடாகாது. தகவல் தாள் தமிழில் இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் உண்டா, மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். பாதியில் விலகலாம், அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

பிள்ளைக்கு உதவி கிடைக்க மரபணுச் சோதனை தேவையே இல்லை. அரசுப் பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு இலவசமாகப் பார்க்கும் பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு. நேராகத் திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். டாக்டர் கேட்பது சாதாரணக் கேள்விகள்தான்: சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுகிறானா, பென்சிலைத் தினமும் தொலைக்கிறானா, வீடு, வகுப்பு இரண்டிலும் இப்படியா, ஆறு மாதமாக இருக்கிறதா. வாத்தியாரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிப் போங்கள். போனிலேயே பேச அரசின் மனநல உதவி எண் 14416.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்குச் சான்றிதழ் கேளுங்கள். பொதுத்தேர்வில் சலுகை கேட்க அதுதான் கை கொடுக்கும்.