கரையேறியவர்களைக் கரைசேர்த்தவர்கள்

1994 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு பழைய சரக்குக் கப்பல் புறப்பட்டது. பெயர் ஜெரமையா ஓபிரையன். கப்பலுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அதை ஓட்டிச் சென்றவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள், போர்க்காலத்து மாலுமிகள். பனாமா கால்வாய் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரை. 1944இல் இங்கிலாந்துக்கும் அந்தக் கரைக்கும் இடையே 11 முறை ஆளும் தளவாடமும் சுமந்த அதே கப்பல், இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் அங்கே தரையிறங்கியதன் ஐம்பதாம் ஆண்டு நினைவுநாளுக்காகத் திரும்பி வந்திருந்தது.

1944 ஜூன் 6 என்றதும் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி அலையில் இறங்கும் சிப்பாய்தான் நம் கண்முன் வருவார். அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த ஏறத்தாழ 7,000 கலங்களில் 864 வணிகக் கப்பல்கள். அவற்றின் என்ஜின் அறையிலும் மேல்தளத்திலும் சமையல்கட்டிலும் உழைத்தவர்கள் படையில் சேராதவர்கள். கப்பல் வேலையைப் பிழைப்பாகக் கொண்டவர்கள்.

இவர்களுக்குக் காத்திருந்த ஆபத்து வேறு வகையானது. போர்க்கப்பல் குண்டு பொழிந்துவிட்டு இடம் மாறலாம். சரக்குக் கப்பலோ கரைக்கு எதிரே நங்கூரமிட்டு அசையாமல் நிற்க வேண்டும். லாரி, வெடிமருந்து, பெட்ரோல், உணவு என ஒவ்வொன்றையும் வின்ச்சில் தூக்கிச் சிறு படகுகளில் இறக்கி முடிக்கும்வரை நகர முடியாது. ஜூன் 10 அன்று யூட்டா என்ற குறிப்பெயர் கொண்ட கரைக்கு எதிரே நின்ற சார்லஸ் மார்கன் என்ற கப்பலை விமானக் குண்டு தாக்கியது. ஜூன் 24 காலை, ஸ்வோர்ட் கரைக்கு எதிரே டெரிகனிஹி கப்பலின் என்ஜினை இயக்கியதுதான் தாமதம். அந்த ஒலிக்கே வெடிக்கும் கண்ணிவெடி அடியில் கிடந்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. இறங்கக் காத்திருந்த 183 படைவீரர்களோடு 25 கப்பல் ஊழியர்களும் மாண்டார்கள்.

சிலர் தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடிக்கப் போனார்கள். நார்மண்டியின் திறந்த கடற்கரையில் துறைமுகம் கிடையாது. எனவே ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்களை ஐந்து இடங்களில் வரிசையாக நிறுத்தி, அடியில் வெடிவைத்துக் கடல்தரையில் அமர்த்தி, அலைதடுப்புச் சுவராக்கினார்கள். அமெரிக்கச் சரக்குக் கப்பல்களை அங்கே ஓட்டிச் சென்றவர்கள் தாமாக முன்வந்த வணிக மாலுமிகள். ஜூன் 19 அன்று தொடங்கிய புயல் ஒமாஹா கரையின் செயற்கைத் துறைமுகத்தைச் சிதைத்தபோது, மூழ்கிக் கிடந்த இந்தக் கப்பல்களின் மறைவில்தான் எத்தனையோ படகுகள் தப்பின.

இது நார்மண்டியோடு முடிந்த கதையல்ல. 1943 ஜூலை 11 அன்று சிசிலியின் ஜெலா கரைக்கு அருகே, வெடிமருந்து ஏற்றிவந்த ராபர்ட் ரோவன் என்ற கப்பல் தாக்கப்பட்டது. அது வெடித்துச் சிதறுமுன் அதிலிருந்த 421 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். 1944 டிசம்பர் 28 அன்று பிலிப்பைன்ஸின் மிண்டோரோவை நோக்கிச் சென்ற ஜான் பர்க்குக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. ஜப்பானியத் தற்கொலை விமானம் மோதியதும், வெடிமருந்தோடு கப்பலும் அதிலிருந்த எல்லோரும் நொடியில் இல்லாமல் போனார்கள்.

இத்தனைக்கும் கைம்மாறு என்ன? போரின் தொடக்க ஆண்டுகளில், 1941 மே வரை, பிரிட்டிஷ் மாலுமிக்குக் கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் நின்றது. அமெரிக்காவில் போர் முடிந்து வந்த படைவீரர்களுக்குக் கல்விக்கும் வீட்டுக்கும் அரசு உதவியது. வணிக மாலுமிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. வழக்காடித்தான் 1988இல் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெற்றார்கள். நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்துக்கான சட்டம் 2020இல்தான் வந்தது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் நம்மவர்களும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். சில்ஹெட், கோவா, ரத்னகிரி, குஜராத் எனப் பல பகுதிகளிலிருந்து போனவர்கள். இவர்கள் உழைத்த, லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடிய 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா' உள்ளிட்ட பயணக் கப்பல்கள் 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்துக்குப் படைகளைச் சுமந்தன. படைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், நவம்பர் 11 அன்று, ஜெர்மானிய நீர்மூழ்கி 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா'வை மூழ்கடித்தது.

லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் இரண்டாம் உலகப்போரில் கடலில் மறைந்த ஏறத்தாழ 24,000 வணிக மாலுமிகளின் பெயர்கள் உள்ளன. அந்தப் போரில் கடலோடு போன ஏறக்குறைய 6,000 இந்திய வணிக மாலுமிகளின் பெயர்கள் நினைவுப் புத்தகங்களில் இருக்கின்றன: ஒரு படி மும்பையில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். ஏப்ரல் 5 தோறும் இந்தியா தேசியக் கடல்சார் தினத்தைக் கொண்டாடுகிறது. அந்த மேடைகளில் இந்தப் பெயர்கள், அவர்கள் பணியாற்றிய கப்பலோடும் சொந்த ஊரோடும் சேர்த்து, மக்கள் முன் வாசிக்கப்பட வேண்டும்.